பதிலும் வருகையும்

சித்திரைப் பௌர்ணமி நாளில் நம்பெருமாள் திருவரங்கம் அம்மா மண்டபம் படித்துறைக்கு எழுந்தருள, காவிரிக் கரையில் கஜேந்திர மோட்ச விழா நடைபெறுவது வழக்கம். முதலையின் வாயில் கால் சிக்கிய யானை துதிக்கையை உயர்த்திக் கூவி அழைத்தது. திருமால் விரைந்து வந்து அதனைக் காத்தார் என்பது வைணவப் பெருமக்கள் தலைமுறை தலைமுறையாகப் போற்றிவரும் கதை. நாம் அந்த மரபைச் சேர்ந்தவரல்லர். ஆயினும், அக்கதையில் நம் மனத்தை நெடுநாளாகத் தொட்டுக்கொண்டிருக்கும் நுட்பம் ஒன்று உண்டு. யானையின் குரல் கேட்டவர் பதில் எதையும் சொல்லி அனுப்பவில்லை. ஆளையும் அனுப்பவில்லை. தாமே வந்தார்.

அந்த நுட்பத்தை முன்வைத்து, முற்றிலும் வேறோர் உலகத்தைச் சேர்ந்த கற்பனை ஒன்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். விண்கலத்தில் செல்வோர் ஆபத்து வேளையில் உதவி கேட்பதற்கென்று அறிவியல் புனைகதை படைத்துத் தந்த கருவியே அது. இதழின் வாசகர்கள் வியக்கக்கூடும். விண்கலத்துக்கும் நம் விசுவாச வாழ்வுக்கும் என்ன உறவு? சற்றுப் பொறுத்தருள வேண்டுகிறோம்.

விண்வெளிக் கதைகளில் செய்திக் கருவி பெரும்பாலும் பழுதாவதற்கென்றே படைக்கப்படுகிறது. ஆர்தர் கிளார்க் நாவலாக எழுதி, ஸ்டான்லி கூப்ரிக் இயக்கத்தில் திரைப்படமாகவும் 1968இல் வெளிவந்த '2001: ஒரு விண்வெளிப் பயணம்' இதற்கு நல்ல சான்று. கலத்தின் வானலை வாங்கியைப் பூமியை நோக்கித் திருப்பி வைத்திருக்கும் சிறு உறுப்பு ஒன்று பழுதாகப் போகிறது என்று கலத்தின் கணிப்பொறி அறிவிக்கிறது. அந்த அறிவிப்பைத் தொடர்ந்தே சாவும் துரோகமும் வருகின்றன. இத்தகைய கதைகளின் கேள்வி ஒன்றே: கருவி இயங்குமா, இயங்காதா? இயங்கினால் பிழைப்பர்; இயங்காவிடில் மடிவர்.

இக்கேள்வியைத் தாண்டிச் சென்றவர் அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின். 2018இல் மறைந்த இவ்வம்மையாரின் முதல் நாவல் 'ரோகேனனின் உலகம்', 1966இல் வெளிவந்தது. அதில்தான் 'ஆன்சிபிள்' என்னும் கருவி முதன்முதலாகத் தோன்றுகிறது. எவ்வளவு தொலைவாயினும் செய்தியை நொடிப்பொழுதும் தாமதமின்றிச் சேர்ப்பிப்பது அதன் இயல்பு. இக்கற்பனையின் துணிவை உணர வேண்டுமாயின் இயற்கையின் விதியை நினைவிற் கொள்ள வேண்டும். ஒளியும் வானலையும் நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் செல்கின்றன. நம் குரல் நிலவை அடைய ஒன்றேகால் நொடிக்குச் சற்று மேலாகும். செவ்வாயை அடைய, அது இருக்கும் இடத்துக்கேற்ப, 3 நிமிடம் முதல் 22 நிமிடம் வரை ஆகும். சூரியனை விட்டால் மிக அண்மையிலுள்ள விண்மீனை எட்டவோ 4 ஆண்டுகளுக்கு மேலாகும். இந்தக் காத்திருப்பை ஒரே வீச்சில் ஒழித்துக்கட்டியது ஆன்சிபிள். பின்னர் வந்த எழுத்தாளர் பலர் அப்பெயரையே தம் கதைகளுக்கும் எடுத்துக்கொண்டனர்.

அந்நாவலின் கதை இது. ரோகேனன் என்னும் மானிடவியல் அறிஞன், தொலைவிலுள்ள கோள் ஒன்றின் மக்களை ஆராய வருகிறான். கலகக்காரர் சிலர் அக்கோளில் மறைவாகத் தளம் அமைத்து, அவனது கலத்தையும் தோழரையும் அழிக்கின்றனர். கலத்தோடு ஆன்சிபிளும் அழிகிறது. தன்னந்தனியனாக நிற்கும் அவனுக்கு ஒரே வழிதான் எஞ்சுகிறது: எதிரியின் தளத்துக்கே சென்று, எதிரியின் ஆன்சிபிளைக் கொண்டு தன் கூட்டமைப்புக்குச் செய்தி அனுப்புவது. அக்கோளின் மக்கள் சிலரைத் துணையாகக் கொண்டு நெடும்பயணம் செல்கிறான். வழியில் உயிர்த் தோழனை இழக்கிறான். முடிவில் செய்தியை அனுப்பியும் விடுகிறான். கருவி பழுதின்றி இயங்குகிறது. செய்தி அக்கணமே சென்று சேர்கிறது.

அதன்பின் நிகழ்வதில்தான் இந்நாவலின் உயிர் இருக்கிறது. அக்கதையுலகில் ஒளியினும் விரைந்து செல்லும் கலங்கள் உண்டு. ஆனால், உயிருள்ள எதுவும் அவற்றில் பயணம் செய்து பிழைக்க முடியாது. ஆகவே, ரோகேனனின் அழைப்பைக் கேட்டதும் ஆளில்லாக் குண்டுவீச்சுக் கலங்கள் விரைந்து வந்து எதிரியின் தளத்தை அழிக்கின்றன. மனிதர் வருவதற்கோ ஆண்டுகள் பல ஆகும். அவர்கள் வந்து சேரும்போது ரோகேனன் உயிரோடில்லை. அந்தக் கோளுக்கு அவன் பெயரைச் சூட்டுகிறார்கள்.

அழிவு உடனே வருகிறது. ஆள் வருவதற்குத் தாமதமாகிறது. பத்து மறையுரைகளில் சொல்ல இயலாததை இந்த ஒரு கற்பனை சொல்லிவிடுகிறது என்பது நம் துணிபு. லெ குவின் மேலும் ஒரு படி செல்கிறார். பிறர் உள்ளத்து எண்ணங்களைக் கேட்கும் ஆற்றலை ரோகேனன் வழியில் பெரும் விலை கொடுத்துப் பெற்றிருக்கிறான். எனவே, எதிரிகள் மடியும் கணத்தில் அவர்களது சாவைத் தன்னுள்ளேயே உணர்கிறான். உதவி கேட்டவனே தன் அழைப்பின் விளைவையும் கேட்க நேர்கிறது.

குறைகளையும் சொல்வது திறனாய்வின் கடன். இது முதல் நாவல் என்பதை அதன் நடை மறைக்கவில்லை. வாளேந்திய வீரரும் பறக்கும் விலங்குகளும் நிறைந்த பழங்கதையும், விண்கலமும் கணிப்பொறியும் நிறைந்த புதுக்கதையும் முழுமையாக ஒன்றோடொன்று இசையவில்லை. பயணத்துக்குத் தந்த இடத்தில் சிறிதளவையேனும் இறுதித் தனிமைக்குத் தந்திருக்கலாம். ரோகேனன் காத்திருந்த ஆண்டுகளைச் சில வரிகளில் கடந்து செல்வது, பசியோடு வந்தவனுக்கு இலை போட்டுவிட்டுச் சோற்றை மறந்தது போலாகிறது. ஆயினும், கருவிக்கு அவர் இட்ட பெயர் இக்குறைகளை ஈடு செய்கிறது. பதில் சொல்லத்தக்கது என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லிலிருந்தே ஆன்சிபிள் என்ற பெயர் பிறந்தது என்று அவரே கூறியிருக்கிறார். அந்த ஆங்கிலச் சொல்லுக்குப் பொறுப்புடையது என்ற பொருளும் உண்டு. நம் தமிழிலும் அப்படித்தான். 'இதற்கு நீதான் பதில் சொல்ல வேண்டும்' என்று ஒருவரிடம் நாம் கூறும்போது, விடையையா கேட்கிறோம்? பொறுப்பையன்றோ கேட்கிறோம்!

இந்த இடத்தில் நம் மண்ணைச் சேர்ந்த எழுத்தாளர் ஒருவரை நினைவுகூர்வது பொருத்தமாகும். திருவரங்கத்தில் பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்து, திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்று, 'சுஜாதா' என்ற பெயரில் எழுதிய ரங்கராஜன் அவர்களே அவர். எழுத்தில் புகழ் பெறுவதற்கு முன் அவர் விமானப் போக்குவரத்துத் துறையில் கட்டுப்பாட்டுப் பணியில் இருந்தார். வானில் செல்வோரின் குரலைத் தரையில் இருந்து கேட்டுப் பதில் சொல்வதே அப்பணி. பின்னர் பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக விளங்கினார். 2008இல் மறைந்தார்.

அவரது 'என் இனிய இயந்திரா' 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்தது. அது சித்திரிக்கும் எதிர்காலம் 2020களின் தொடக்கம். அந்த எதிர்காலம் இப்போது நமக்கு இறந்தகாலமாகிவிட்டது. நிலா, சிபி, ரவி, மனோ என்று மனிதரின் பெயர்களும் இரண்டெழுத்தாகக் குறுகிப்போன நாடு. ஜீவா என்னும் ஆட்சியாளனின் கண்காணிப்பில் வாழும் மக்கள். கணவன் சிபி காணாமற்போக, நிலா அவனைத் தேடி அலைகிறாள். இந்நாவலில் விண்கலம் முதன்மையன்று. ஆனால், ஆபத்தில் எழும் குரலை யார் கேட்பது என்ற கேள்வி முதன்மையானது. நாடே அஞ்சி வணங்கும் ஜீவா உண்மையில் ஒளியால் ஆன வெறும் உருவம் என்பது பின்னர் வெளிப்படுகிறது. முறையிட ஓர் அரியணை இருந்தது. அதன்மேல் கேட்பதற்குச் செவி இல்லை. நிலாவின் குரலுக்குச் செவி சாய்த்துக் கூடவே ஓடிவருவது ஜீனோ என்னும் இயந்திர நாய். நாட்டை ஆளும் ஒளியுருவம் வரவில்லை. வீட்டிலிருந்த பொம்மை நாய் வந்தது!

இக்கற்பனையின் கூர்மையைப் பாராட்டாதிருக்க முடியாது. எனினும், ஜீனோவின் பேச்சில் நகைச்சுவை மிகுமிடங்களில் நிலாவின் துயரம் ஓரத்துக்குத் தள்ளப்படுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். நாயின் வாயிலாக ஆசிரியரே பேசத் தொடங்கிவிடுகிறார். வாரந்தோறும் வாசகரை இழுத்துப் பிடிக்க வேண்டிய தொடர்கதைக்கு மௌனம் கட்டுப்படியாகாது போலும். லெ குவின் சில வரிகளில் கடந்த தனிமையைச் சுஜாதா சிரிப்பால் கடக்கிறார். இருவரிடமும் நமக்குள்ள மனக்குறை ஒன்றே. அழைத்தபின் வரும் அந்த நீண்ட இரவைச் சற்று நின்று நோக்கியிருக்கலாம்.

அந்த இரவு எத்தகையது என்பதை மெய்யான வரலாறு நமக்குக் காட்டுகிறது. 1912 ஏப்ரல் 14ஆம் நாள் இரவு டைட்டானிக் கப்பல் பனிப்பாறையில் மோதியது. அதன் வானொலிக் கருவி இயங்கிக்கொண்டுதான் இருந்தது. அபயக் குறிக்கான எஸ்.ஓ.எஸ். என்ற ஒலிக்குறிப்பும் 1906லேயே பெர்லின் மாநாட்டில் ஏற்கப்பட்டிருந்தது. மிக அண்மையில் நின்ற கப்பல்களுள் ஒன்றான கலிபோர்னியனில் வானொலிப் பணியாளர் அன்றைய வேலை முடிந்து கருவியை நிறுத்திவிட்டு உறங்கச் சென்றிருந்தார். ஏறத்தாழ 58 கடல் மைல் தொலைவிலிருந்த கார்ப்பேத்தியாவில் அவ்வேலைக்குரிய இளைஞர் உறங்கப் போகும் வேளையிலும் செவியில் கருவியை மாட்டியிருந்தமையால் செய்தி கேட்டது. அதன் தலைவர் ராஸ்ட்ரன் பனிப்பாறைகளுக்கிடையே முழு வேகத்தில் கப்பலைச் செலுத்தி வந்து எழுநூற்றுக்கும் மேற்பட்டோரை மீட்டார். 1914இல் கூடிய பன்னாட்டு மாநாடு, கப்பல்களில் இரவும் பகலும் வானொலிக்குச் செவி கொடுத்திருக்க வேண்டும் என்று விதி வகுத்தது. அதற்குமுன் அழைப்பதற்கு விதி இருந்தது. கேட்பதற்கு விதி இல்லை. அந்த விதி பிறப்பதற்கு ஆயிரத்தைந்நூறு உயிர்கள் விலையாயின.

நாம் ஏன் இதனை இவ்வளவு விரிவாக எழுதுகிறோம் என்பதை மறைக்க விரும்பவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் நாம் கிராமப் பங்கு ஒன்றில் பணியாற்றினோம். பங்கு இல்லத்துக்குத் தொலைபேசி இணைப்பு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. மழை கொட்டிய இரவொன்றில், பதினொரு மணிக்கு மேல் மணி அடித்தது. கிளைக் கிராமத்து இளைஞர் ஒருவர் பேசினார். "சாமி, அப்பாவுக்கு மூச்சு இழுக்குது. கொஞ்சம் வந்துட்டுப் போங்க" என்றார். நாம் உடனே பதில் சொன்னோம், அன்பாகவும் சொன்னோம். "பயப்படாதே தம்பி, எல்லாரும் செபமாலை சொல்லுங்க. காலைப் பூசை முடிஞ்சதும் வந்துடறேன்" என்றோம். காலையில் சென்றபோது வாசலில் பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள். நோயில் பூசுதலுக்கென்று எடுத்துச்சென்ற எண்ணெய்ச் சிமிழ் சட்டைப்பையிலேயே இருந்தது. அம்மகன் நம்மைக் குறைகூறவில்லை. "நீங்க போன்ல பேசினதே ஆறுதலா இருந்துச்சு, சாமி" என்றார். அந்த நன்றியைப் போல் நம்மை வருத்திய கண்டனம் வேறில்லை.

நம்மிடம் அன்று இருந்தது ஓர் ஆன்சிபிள். தொலைவைக் கடந்து நொடியில் பதில் சொல்ல அது உதவியது. பதில் சொல்லிவிட்டதாலேயே வர வேண்டிய கடமை தீர்ந்துவிட்டது போன்ற மயக்கத்தையும் தந்தது. தொலைபேசி இல்லாத காலமாயின் அந்த இளைஞர் மழையில் நனைந்து நம் கதவைத் தட்டியிருப்பார். நனைந்து நிற்கும் ஒருவரைப் பார்த்துக் காலையில் வருகிறேன் என்று சொல்ல நமக்கு நா எழுந்திருக்குமா? இன்று ஒவ்வொருவர் கையிலும் இருக்கும் கைப்பேசி, இம்மயக்கத்தை வீடுதோறும் பரப்பியிருக்கிறது. நோயுற்ற உறவினருக்குக் கைகூப்பும் படம் ஒன்றை அனுப்பிவிட்டு, கடன் தீர்த்தோம் என்று அமைகின்றோம்.

விவிலியத்தின் இறைவன் இவ்வாறு அமைபவரல்லர். விடுதலைப் பயண நூலில், எரியும் முட்செடியின் நடுவிலிருந்து மோசேயிடம் பேசும் ஆண்டவர், அடிமைப்பட்ட மக்களின் அழுகுரலைக் கேட்டதோடு நில்லாமல், அவர்களை விடுவிக்கத் தாமே இறங்கி வந்திருப்பதாக அறிவிக்கிறார். கேட்டலும் இறங்கலும் அங்கே ஒரே செயலின் இரு பகுதிகள். மனுவுருவாதல் என்று நாம் அறிக்கையிடும் மறைபொருளும் அதுவே. மனிதகுலத்தின் கூக்குரலுக்கு விண்ணகம் அனுப்பிய மறுமொழி ஒரு செய்தியன்று, ஒரு குழந்தை.

தாமதத்தையும் விவிலியம் மறைக்கவில்லை. பெத்தானியாவின் சகோதரியர் இருவரும் தம் சகோதரன் இலாசரின் நோயைச் சொல்லி அனுப்புகின்றனர். இயேசுவோ இருந்த இடத்திலேயே மேலும் இரண்டு நாள் தங்கிவிடுகிறார். அவர் வந்து சேரும்போது இலாசர் கல்லறையில் வைக்கப்பட்டு நான்கு நாள் ஆகிவிட்டது. மார்த்தா தன் ஆற்றாமையை நேருக்கு நேர் சொல்லவும் தயங்கவில்லை. அதற்கும் இடம் தந்து, கல்லறையை நோக்கி நடந்து, கண்ணீர் விட்ட பின்னரே ஆண்டவர் இலாசரை அழைக்கிறார். காலந்தாழ்ந்தாலும் வருகை வருகையே. நாம் அன்று காலையில் போனோம் என்பதற்கு இதனை ஆறுதலாகக் கொள்ளத் துணியவில்லை. நாம் தாழ்த்தியது இறைமாட்சிக்காக அன்று, மழைக்காக.

புனைகதையின் கருவி இன்று பெருமளவுக்கு மெய்யாகியும் இருக்கிறது. அவ்வரலாற்றில் நமக்கும் பங்குண்டு. சுஜாதா பயின்ற காலத்தை ஒட்டியே அதே தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்று 1954இல் பட்டம் பெற்றவர் அப்துல் கலாம். 1960களின் தொடக்கத்தில் அவரும் நண்பர்களும் ஏவூர்திப் பணியைத் தொடங்கியது திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா என்னும் மீனவச் சிற்றூரில். விக்ரம் சாராபாய் கேட்க, அன்றைய ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைரா மக்களிடம் எடுத்துரைக்க, கத்தோலிக்க மீனவர்கள் தம் புனித மரிய மதலேனா கோவிலையும் குடியிருந்த நிலத்தையும் விட்டுக்கொடுத்தனர். அக்கோவிலே முதல் அலுவலகமாயிற்று. 1963 நவம்பர் 21 அன்று முதல் ஏவூர்தி அங்கிருந்து விண்ணில் பாய்ந்தது.

ஐம்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், 2017 நவம்பர் இறுதியில், அதே கடலில் ஒக்கிப் புயல் எழுந்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற கன்னியாகுமரி மாவட்டத்துக் கத்தோலிக்கக் கடற்கரை ஊர்களின் மீனவர் பலர் அப்போது ஆழ்கடலில் இருந்தனர். படகின் சாதாரண வானொலி குறிப்பிட்ட தொலைவுக்கு அப்பால் எட்டாது. அழைத்தவர் எத்தனை பேர் என்பதை எழுத எவரும் எஞ்சவில்லை. திரும்பி வராதவர்களின் படங்களுக்கு முன் மெழுகுதிரிகள் எரிந்தன.

செயற்கைக்கோள் வழியே கடலிலிருந்து அபயக்குறி அனுப்பும் சிறு கருவி ஒன்றை இஸ்ரோ வடிவமைத்து, அது 2010 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. ஆனால், பொத்தானை அழுத்தியவருக்குத் தம் குரல் சென்று சேர்ந்ததா என்பது அதில் தெரியாது. 2024 ஜனவரியில் அறிமுகமான இரண்டாம் தலைமுறைக் கருவி அக்குறையைத் தீர்த்தது. கரையிலுள்ள மையம் செய்தியைப் பெற்றுக்கொண்டதும், பெற்றோம் என்ற மறுமொழி படகுக்குத் திரும்பி வருகிறது. நடுக்கடலில் மூழ்கும் படகிலிருப்பவருக்கு அந்தச் சிறு மறுமொழி எவ்வளவு பெரியது என்பதை, அறுவை மருத்துவக் கூடத்தின் வாசலில் இரவெல்லாம் காத்திருந்தவர்கள் அறிவார்கள். கோவிலைக் கொடுத்த மீனவரின் இனத்துக்கு, அக்கோவிலில் தொடங்கிய விண்ணியல் திருப்பித் தந்த கொடை அது என்று நாம் எண்ண விரும்புகிறோம்.

ஆயினும், லெ குவின் கற்பித்த பாடம் இங்கும் பொருந்துகிறது. மறுமொழி வந்ததும் படகு மிதந்துவிடாது. யாரேனும் கப்பலைத் திருப்ப வேண்டும். உலங்கூர்தி எழ வேண்டும். மழையில் ஒருவர் புறப்பட வேண்டும். புனைகதையின் ஆன்சிபிளைக் காட்டிலும் கார்ப்பேத்தியாவின் பழங்கருவியை நாம் உயர்ந்ததாகக் கருதுவது இதனால்தான். அதற்குப் பின்னால் கப்பலைத் திருப்பிய ஒருவர் இருந்தார்.

அம்மா மண்டபத்துப் படித்துறையில் ஆண்டுதோறும் நினைவுகூரப்படும் யானையின் கதையை நம் பிள்ளைகளும் அறிந்திருக்கட்டும். பெத்தானியாவின் கதையோடு சேர்த்தே அறியட்டும். நமக்கோ, அம்மழை இரவுக்குப் பின் வந்த வழக்கம் ஒன்று உண்டு. எண்ணெய்ச் சிமிழும் கைவிளக்கும் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. நள்ளிரவில் மணி அடித்தால், "வருகிறேன்" என்ற ஒரு சொல்லுக்கு மேல் நாம் பேசுவதில்லை.